ஓட்டை போட்டுச் செய்யும் வயிற்று ஆபரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தப்பைக் கல், குடலிறக்கம், குடல்வால் அழற்சி. புதுச்சேரி, கடலூர், பண்ருட்டி, நெய்வேலி பக்கமிருந்து எங்கள் அறுவை சிகிச்சை ஓ.பி.க்கு வருகிறவர்களில் பலர் இந்த மூன்றில் ஒன்றோடுதான் வருகிறார்கள். இவற்றுக்கு வயிற்றைக் கீறாமல் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷனைத்தான் லேப்ராஸ்கோபி என்கிறோம். நோயாளி கேட்பது ஒன்று, கூட வந்த மாமியார் கேட்பது ஒன்று, வாசலில் நின்றுகொண்டு மருமகன் தனியாகக் கேட்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். இதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் என்னதான் செய்கிறீர்கள்?

தொப்புள் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துளை போட்டு, அதன் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்போம். வயிற்றுச் சுவர் மேலே எழும்பினால்தான் உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். அதே துளை வழியாகக் கேமரா உள்ளே போகும். மற்ற கருவிகளுக்கு அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவில் இன்னும் இரண்டு மூன்று துளைகள். டிவி திரையைப் பார்த்தபடி வேலை நடக்கும். பித்தப்பைக்குப் பொதுவாக நான்கு துளைகள்.

ஏன் சாதாரணக் காற்றை அடைக்கக்கூடாது என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. உள்ளே ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரச் சூட்டைப் பயன்படுத்துகிறோம், கார்பன் டை ஆக்சைடு தீப்பிடிக்காது. ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியாக வெளியேறியும் விடும்.

இதைத்தான் லேசர் ஆபரேஷன் என்கிறார்களா?

இல்லை. பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம் எதிலும் நாங்கள் லேசர் பயன்படுத்துவதில்லை. மூலம், பௌத்திரம் போன்றவற்றுக்குச் சில இடங்களில் லேசர் உண்டு, அந்த விளம்பரங்களைப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பெயரில் குழப்பம் இருந்தால் பரவாயில்லை. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் என்ன ஆபரேஷன், எந்த முறை, மயக்க மருந்து எப்படி என்ற மூன்றையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஓட்டை சின்னதுதானே, அப்போ ஆபரேஷனும் சின்னதுதானே?

அப்படி நினைப்பதால்தான் பிரச்சினையே. வெளியே தெரியும் காயம் சின்னது, அதனால் வலி குறைவு, சீழ் பிடிப்பது குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். உள்ளே வெட்டி எடுப்பது அதே உறுப்புதான். முழு மயக்கம் கொடுக்கிறோம். பித்தப்பையை எடுக்கும்போது பக்கத்தில் ஓடும் பித்தக் குழாயில் காயம் படும் வாய்ப்பு, நல்ல கைகளிலும் ஆயிரத்தில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இருக்கிறது. அது குறைந்த எண்ணிக்கைதான், ஆனால் மாட்டிக்கொண்டவருக்கு அது பெரிய அவஸ்தை. அதனால் 'ஓட்டைதானே, செஞ்சுக்கலாம்' என்று தேவையில்லாத ஆபரேஷனுக்கு யாரும் தலையாட்ட வேண்டாம். முதலில் ஆபரேஷன் தேவையா என்று கேளுங்கள், எப்படிச் செய்வது என்பது அதற்கு அப்புறம்.

இந்த முறை எவ்வளவு காலமாக இருக்கிறது?

ஜெர்மனியில் கர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் 1980-இல் இம்முறையில் குடல்வாலை எடுத்தார். 1985-இல் அதே நாட்டில் எரிச் மூஹே பித்தப்பையை எடுத்தார். அப்போது சக மருத்துவர்கள் அவரை ஏளனம்தான் செய்தார்கள். இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உத்வாடியா தொடங்கி வைத்தார். இன்று பித்தப்பைக்கு இதுதான் வழக்கமான முறை.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கல் தெரிந்தது. வலி எதுவும் இல்லை. எடுத்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று போய், ரிப்போர்ட்டில் கல் என்று பார்த்து, தூக்கம் கெட்டு வருகிறவர்கள் நிறைய. வலியே தராத கல் உள்ளவர்களில், ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து நான்கு பேர் வரைக்குத்தான் தொந்தரவு தொடங்குகிறது. மற்றவர்கள் கல்லோடு நிம்மதியாக வாழ்கிறார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெரியது, பித்தப்பையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சதை வளர்ச்சி, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிதல், ரத்த சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் பரம்பரை நோய். இவர்களிடம் மட்டும் வலி இல்லாவிட்டாலும் ஆபரேஷன் பற்றிப் பேசுவோம்.

வலி வந்துவிட்டால் கதை வேறு. மேல் வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ பிடித்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் பரவி, அரை மணி முதல் சில மணி நேரம் விடாமல் இருக்கும் வலிதான் பித்தப்பை வலி. ராத்திரி கறிக்குழம்பு சாப்பிட்ட பிறகு வருவது வழக்கம். ஏப்பம், புளிப்பு, வயிறு உப்புசம் மட்டும் இருந்தால் அது கல்லால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அதற்காகப் பித்தப்பையை எடுத்தால் உப்புசம் அப்படியேதான் இருக்கும். அப்புறம் எங்களைத்தான் திட்டுவீர்கள்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக்கூடாதா?

கல் உருவானதே அந்தப் பை சரியாக வேலை செய்யாததால்தான். விட்டுவைத்தால் மறுபடி கல் வரும். அதனால் கல்லோடு பையையும் எடுக்கிறோம்.

ஆபரேஷன் முடிந்ததும் கிண்ணத்தில் கல்லைக் காட்டுவார்கள், உறவினர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்பது. அபூர்வமாகச் சிலருக்கு உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கும். முதல் மறுபரிசோதனைக்கு வரும்போது அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் பித்தப்பைக் கல் கரையாதா?

சிறுநீரகக் கல்லும் பித்தப்பைக் கல்லும் வேறு வேறு. சிறுநீரகக் கல் சிறுநீர் வழியாக வெளியே வரும், நிறையத் தண்ணீர் குடிப்பதால் அதற்குப் பலன் உண்டு. பித்தப்பைக் கல் சிறுநீர்ப் பாதையிலேயே இல்லை. வாழைத்தண்டு நல்ல உணவு, பொரியல் செய்து சாப்பிடுங்கள், கல்லை மறந்துவிடுங்கள்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து மறுநாள் மலத்தில் பச்சை உருண்டைகள் வந்ததாக வாட்ஸ்அப்பில் வீடியோ ஓடுகிறது. அந்த உருண்டைகள் குடித்த எண்ணெய் குடலில் சோப்பாக மாறியவை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். கல் கரைக்கும் மாத்திரை உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் அது சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பலருக்கு மறுபடி வரும். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் கறுப்பு நிறமிக் கற்களுக்கு அது பயன்படாது.

பித்தப்பை இல்லாமல் சாப்பாடு செரிக்குமா? பரோட்டா, இறால் எல்லாம் இனி கிடையாதா?

பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதில் 30 முதல் 50 மில்லி வரை சேர்த்து வைக்கும் பை, அவ்வளவுதான். அது போன பிறகு பித்தம் நேராகக் குடலுக்குப் போகும். முதல் ஒன்றிரண்டு வாரம் எண்ணெய், கொழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இட்லி, ரசம் சாதம், வேகவைத்த மீன், மோர் எல்லாம் மறுநாளிலிருந்தே சாப்பிடலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் மலம் இளகிப் போகும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பிறகு எல்லாம் சாப்பிடலாம். பரோட்டாவை நான் சிபாரிசு செய்யவில்லை, ஆனால் அதற்குப் பித்தப்பை காரணம் கிடையாது.

கல்லோடு மஞ்சள் காமாலையும் வந்துவிட்டது. கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாமா?

தயவுசெய்து நாள் கடத்த வேண்டாம். இங்கே காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஊர்கள் நிறைய இருக்கின்றன, வைரஸால் வந்த காமாலை பல நேரம் தானே சரியாகிவிடுவதால் அந்த மருந்துக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடுகிறது. கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்துக்கொண்டால் வரும் காமாலை வேறு. அடைபட்ட பித்தத்தில் கிருமி பெருகினால் குளிர்க்காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், உயிருக்கே ஆபத்து. காமாலையோடு குளிர்க்காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

இதற்கு முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப் குழாய் விட்டு, ஈ.ஆர்.சி.பி. என்ற முறையில் குழாயிலுள்ள கல்லை எடுப்பார்கள். பிறகு லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுப்பார்கள். குழாய்க் கல் போனதும் வலி நின்றுவிடும். அதோடு வீட்டுக்குப் போய்விட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி காமாலையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பையில் மிச்சக் கல் இருக்கிறது அல்லவா?

குடலிறக்கத்துக்கு எந்த முறை நல்லது?

வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே தள்ளுவதுதான் குடலிறக்கம். டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் பிதுங்குவது மாதிரி. மருந்தால் அந்தக் கிழிசல் அடையாது. உள்ளிருந்து ஒரு செயற்கை வலையை வைத்து மறைக்கிறோம். தொடை இடுக்கில் வரும் குடலிறக்கத்துக்கு அந்த வலை பொதுவாக 15-க்கு 10 சென்டிமீட்டர் இருக்கும். மீன் வலை மாதிரியான ஒரு பிளாஸ்டிக் இழைதான், உடம்போடு ஒட்டிக்கொள்ளும், எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் இருந்தாலோ, ஏற்கெனவே ஓப்பனில், அதாவது நேராகக் கீறித் திறந்து செய்து, திரும்ப வந்திருந்தாலோ லேப்ராஸ்கோபி நல்ல தேர்வு, அதே துளைகளில் இரண்டு பக்கத்தையும் முடித்துவிடலாம். ஆனால் 75 வயது, இதயம் பலவீனம், முழு மயக்கம் தாங்காது என்றால், இடத்தை மட்டும் மரக்க வைத்து ஓப்பனில் செய்வதுதான் புத்திசாலித்தனம். அதைப் பழைய முறை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஆண்களுக்குத் தொடை இடுக்கில் சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் கொஞ்ச நாள் கவனித்தபடி இருக்கலாம். பெண்களுக்கு அந்தப் பகுதியில் வந்தால் காத்திருக்கச் சொல்வதில்லை. வீக்கம் திடீரென்று கெட்டியாகி, உள்ளே தள்ள முடியாமல், வலியும் வாந்தியும் சேர்ந்தால் குடல் சிக்கியிருக்கிறது, அப்போது மணிக்கணக்கு முக்கியம்.

விசைப்படகில் போகிற மீனவர்களுக்கு ஒரு யோசனை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அவசரமில்லாத குடலிறக்க ஆபரேஷனை அதன் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால், வலை இழுக்கப் போவதற்குள் உடம்பு தேறிவிடும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கத்து அண்ணன்கள் முன்கூட்டியே வந்து தேதி வாங்கிவிடுங்கள்.

குடல்வாலுக்கு ஊசி மருந்திலேயே சரியாகாதா?

வெடிக்காத, சிக்கலில்லாத குடல்வால் அழற்சி சிலருக்கு ஆன்டிபயாடிக்கில் அடங்கும். ஆனால் அப்படி அடங்கியவர்களையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து வழியைத் தேர்ந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டதாகப் பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, வெளிநாடு கிளம்புகிறவர் என்றால் இதை யோசியுங்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது கீழ்ப்பக்கம் இறங்கும் வலிக்கு விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுக்காதீர்கள், வெடிக்கும் ஆபத்து கூடும்.

வேறு எதற்கெல்லாம் பயன்படும்?

பெருங்குடல் புற்றுநோய், இரைப்பைப் பகுதி குடலிறக்கம், அதிக உடல் பருமன், மண்ணீரல், கருப்பை, சினைப்பை என்று நீளும். வயிற்றில் நீர் கோத்து, எடை குறைந்து, எந்தப் பரிசோதனையிலும் காரணம் பிடிபடாதபோது கேமராவை விட்டுப் பார்த்து ஒரு துண்டு எடுத்துச் சோதிப்போம். வயிற்றுக் காசநோயை அப்படித்தான் பலருக்குக் கண்டுபிடிக்கிறோம். நம் ஊரில் அது இன்னும் இருக்கிறது.

குடியால் வரும் கணைய வீக்கத்துக்கு இந்த ஆபரேஷன் மருந்தில்லை. குடியை நிறுத்துவதுதான் முதல் மருந்து.

ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருக்கிறது. எங்க அம்மாவுக்கு 70 வயசு. கர்ப்பமா இருக்கேன். இவங்களுக்கெல்லாம் செய்யலாமா?

சிசேரியன் ஆனவர்களுக்குச் செய்யலாம். பழைய வெட்டில் குடல் ஒட்டியிருக்கலாம் என்பதால் முதல் துளையை வேறு இடத்தில், கண்ணால் பார்த்தபடி போடுவோம். வயது மட்டும் தடை இல்லை, இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்பதுதான் பேச்சு. கல்லீரல் சுருங்கியவர்கள், இதயம் மிகவும் பலவீனமானவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் காத்திருக்க முடிந்தால் பிரசவம் வரை காத்திருப்போம், முடியாவிட்டால் நான்கிலிருந்து ஆறாம் மாதம் வசதியானது. குடல்வால் அழற்சி மட்டும் மாதம் பார்த்து வராது, எந்த மாதமானாலும் செய்துவிட வேண்டும்.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் இளக்கும் மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் முக்கியமாக. மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். 'வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு' என்றால் எங்களுக்கு எதுவும் புரியாது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் பட்டினியின்போது, சர்க்கரை அளவு சரியாகக் காட்டினாலும் ரத்தத்தில் அமிலம் சேரலாம். எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் அதை மறைக்காமல் சொல்லுங்கள், உணவு வயிற்றில் தங்கிவிடும்.

திட உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை என்பது பொது விதி. மயக்க மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி.

பாதியில் ஓப்பனாக மாற்றினால் டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று அர்த்தமா?

இல்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, எது பித்தக் குழாய் என்று தெளிவாகத் தெரியாதபோது நிறுத்தித் திறப்பவரே நல்ல அறுவை மருத்துவர். சின்ன ஓட்டையைக் காப்பாற்றப் பெரிய குழாயை அறுத்துவிட்டால் யாருக்கு லாபம்? வீக்கம் முற்றிய பித்தப்பையில் இந்த வாய்ப்பு அதிகம். அதனால்தான் கடும் அழற்சி வந்தால் முதல் மூன்று நாளுக்குள் ஆபரேஷன் செய்துவிடப் பார்க்கிறோம்.

வயிற்றில் ஆபரேஷன் செய்தார்கள், தோள்பட்டை ஏன் வலிக்கிறது?

மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால், மூளை அதைத் தோள்வலியாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும், எழுந்து நடந்தால் சீக்கிரம் போகும். ஆனால் நெஞ்சு அழுத்தமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் வாயு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள்.

வண்டி எப்போது ஓட்டலாம்? வேலைக்கு எப்போது போகலாம்?

பித்தப்பை, குடல்வால் என்றால் பெரும்பாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீடு. மாடிப்படி ஏறலாம், குளிக்கலாம். டூவீலரில் திடீரென்று பிரேக் அடித்தால் வயிறு சுளீரென்று வலிக்காது என்ற நிலை வந்த பிறகு ஓட்டுங்கள், ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். ஆபீஸ் வேலைக்கும் ஏறக்குறைய அதே. கரும்பு வெட்டுவது, பலாப்பழம் சுமப்பது, படகு தள்ளுவது போன்றவற்றுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள்.

எப்போது பயந்து ஓடி வர வேண்டும்?

வலி ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது குறைய வேண்டும். இரண்டாம் நாளைவிட நான்காம் நாள் அதிகம் வலித்தால் அது சரியில்லை. காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிறு உப்பிக் கெட்டிப்படுவது, கண் மஞ்சள், துளையிலிருந்து சீழோ பித்தமோ கசிவது, ஒரு கால் மட்டும் வீங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் வாருங்கள். பக்கத்துக் கிளினிக்கில் வலி ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடுவதுதான் நான் பார்த்ததில் மோசமான தாமதம்.

ரோபோவில் செய்தால் இன்னும் நல்லதா?

ரோபோ தானாக எதையும் செய்யாது, அதை இயக்குவதும் மருத்துவர்தான். இடுப்புக் குழிக்குள் நடக்கும் சில நுணுக்கமான வேலைகளுக்கு அது வசதி. சாதாரணப் பித்தப்பைக்கு அந்தக் கூடுதல் பணத்தை நான் செலவழிக்க மாட்டேன்.

எங்கே போவது? காப்பீட்டில் முடியுமா?

புதுச்சேரியில் ஜிப்மர், இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமத்து அரசு மருத்துவக் கல்லூரி. கடலூர் பக்கம் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா என்று இருந்த அரசு மருத்துவக் கல்லூரியும். அவசரமில்லாத ஆபரேஷனுக்குப் பெரிய அரசு மருத்துவமனைகளில் காத்திருக்க வேண்டியிருக்கும். வலியில்லாத கல்லுக்கும் சின்னக் குடலிறக்கத்துக்கும் அந்தக் காத்திருப்பால் நஷ்டமில்லை.

எல்லை இங்கே ஒரு சிக்கல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. புதுச்சேரிக்காரர்களுக்கு ஆயுஷ்மான் பாரத். பத்துப் பதினைந்து நிமிட பஸ் தூரம்தான் என்றாலும் அட்டை எந்த ஊருடையது என்று பார்த்து, அந்த மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனியாரில் பேக்கேஜ் என்றால் வலை, அதைப் பொருத்தும் கருவி, திசுப் பரிசோதனை, ஓப்பனாக மாறினால் கூடும் செலவு எல்லாம் அதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் பேப்பரை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

காலம் முழுக்க. பத்து வருடம் கழித்து வயிற்று வலியோடு வருவீர்கள், வயிற்றில் மூன்று சின்னத் தழும்பு இருக்கும், எடுத்தது குடல்வாலா சினைப்பைக் கட்டியா என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது. 'ஏதோ ஓட்டை போட்டுப் பண்ணாங்க சார்' என்பார்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து, மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள்.